மூன்று உப்பு

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வாழைத்தண்டுச் சாறு பற்றி ஒரு வீடியோ வந்தது. வெறும் வயிற்றில் தினமும் ஒரு டம்ளர் குடித்தால் கிட்னியில் இருக்கும் உப்பெல்லாம் கரைந்து போய்விடுமாம். கீழே ஆளாளுக்குக் கும்பிடு போட்டிருந்தீர்கள். நம்மில் பாதிப் பேருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. சிலருக்குக் கிட்னி ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. எனக்கும்தான். நான் உடனே பதில் போட்டிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அதனால் இதை எழுதுகிறேன்.

என் அப்பா கிட்னி கெட்டுச் செத்தார் என்றுதான் உங்களுக்குத் தெரியும். சாவுக்கு வந்தவர்கள்கூட இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். கிட்னி கெட்டிருந்தது உண்மை. ஆனால் அந்த வருஷமே அவரை முடித்தது இளநீரும் கீரைத் தண்ணீரும். ஊற்றிக் கொடுத்தவள் என் அம்மா, அவர்மேல் உயிரையே வைத்திருந்தவள். அவளை ஊற்ற வைத்தது உப்பு என்ற ஒரு சொல்.

அப்போது நாம் தொடக்கநிலை நான்கில் இருந்தோம், பத்து வயது. எங்கள் வீடு தோ பாயோவில், நான்காம் மாடியில். அப்பா பஸ் ஓட்டினார். அந்த வருஷம் ஜூன் விடுமுறையில் அவருடைய கால் வீங்க ஆரம்பித்தது. சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டியது போலப் பள்ளம் இருக்கும். நான் அதில் விரலை வைத்து அழுத்துவேன். குழி விழும், மெதுவாக மேலே வரும். எனக்கு அது விளையாட்டு. அப்பாவும் காலை நீட்டிக் காட்டுவார்.

மருத்துவமனைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். தம்பியைப் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் விட்டிருந்தார்கள். மலாய்க்காரம்மா. அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பெரியப்பா மருத்துவமனை வாசலில் காத்திருந்தார். அவர் அப்பாவின் அண்ணன், கப்பல் கம்பெனியில் கிளார்க். எங்கள் குடும்பத்துக்கு ஆங்கிலம் என்றால் பெரியப்பாதான். அப்பாவுக்கு வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் தெரியும். டாக்டர் முன்னால் அதுவும் போய்விடும், கைகட்டி உட்கார்ந்துகொள்வார்.

டாக்டர் சீன இளைஞர். நிதானமாக, நிறையப் பேசினார். அவர் சொன்னவை இவைதான் என்று இப்போது என்னால் சொல்ல முடியும். இனிப்பு நீரால் கிட்னி பெரும்பாலும் போய்விட்டது. சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு தேங்கிவிட்டது. பொட்டாசியமும் ஏறிக்கொண்டிருக்கிறது, அதனால் சில பழங்களையும் காய்களையும் தொடக்கூடாது. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யத் தயாராக வேண்டும். அன்றைக்கு எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. பொட்டாசியம் மட்டும் காதில் ஒட்டிக்கொண்டது. நெற்றிப் பொட்டு மாதிரி இருக்கிறதே என்று.

பெரியப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

"உப்பக் கொறைக்கணும்கிறாரு."

"சரி மாமா." அம்மா பெரியப்பாவை மாமா என்பாள்.

"ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சாம்."

"ஏதோ பழம்னு சொன்னாரே?"

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் ஒரு மாதிரி உப்புதான் லா. உப்புத் தூள் தொட்டுச் சாப்பிடுற பழம் இருக்குல்ல, கொய்யா, மாங்கா, அதெல்லாம் கூடாதாம்."

அவ்வளவுதான். மூன்று வெவ்வேறு பொருள்கள் அம்மாவிடம் வந்து சேர்ந்தபோது ஒன்றாகிவிட்டன. கிரியாட்டினினை நாம் உப்பு என்றுதான் சொல்கிறோம், இன்றைக்கும். "அவருக்கு உப்பு எட்டு, டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டாங்க" என்று இதே குழுவில் படித்தேன். அது சமையல் உப்பு இல்லை. நாக்கில் வைத்தால் கரிக்கிற சாமானே இல்லை. பொட்டாசியத்துக்குத் தமிழில் என்ன என்று பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். வெள்ளைச் சட்டையும் பேனாவுமாக, ஆங்கிலம் தெரிந்த அண்ணனாக வந்தவர் எப்படிக் கேட்பார்? பெரியப்பா இறந்து பல வருஷமாகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் அவர்மேல் கோபம் வருகிறது. செத்தவர்மேல் கோபப்படக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

"மெஷின்ல போடணும்கிறாரு. வாரத்துக்கு மூணு நாளு" என்றார் பெரியப்பா.

"பஸ்ஸ நிறுத்திட்டு மெஷின்ல ஏறி உக்காரவா? டிக்கெட்ட யாரு கிழிப்பா?" என்று அப்பா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் பஸ்ஸை விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடிக்காத அப்பாவை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"உப்புதான ஏறியிருக்கு? நான் எறக்கிக் காட்றேன்" என்றாள் அம்மா. அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே வீட்டில் இருந்த உப்பு போனது. எங்கள் உப்பு ஜாடி பழுப்பு நிறப் பீங்கான். சீனக் கடையில் ஊறுகாய்க் கீரை போட்டு விற்கிற ஜாடி. கழுத்தில் ஒரு சின்ன விரிசல், அதில் எப்போதும் உப்புப் பூத்திருக்கும். அம்மா உப்பைக் கொட்டிவிட்டு ஜாடியைக் கழுவி வைத்திருக்கலாம். அவள் உப்போடு ஜாடியையும் தூக்கி, சமையலறைச் சுவரில் குப்பை போடும் துவாரத்தில் போட்டாள். அது மாடி மாடியாக முட்டிக்கொண்டு இறங்கிய சத்தம், கடைசியில் கீழே உடைந்த சத்தம், இரண்டும் எனக்கு இப்போதும் கேட்கும். கருவாடு, ஊறுகாய், சோயா சாஸ், பெலாச்சான் என்ற இறால் விழுது, எல்லாவற்றையும் கூடையில் வைத்து மக்சிக் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அப்பாவுக்கு மட்டும் தனியாகச் சமைத்திருக்கலாம். "அவரு உப்பில்லாம திங்கும்போது நமக்கு என்ன ருசி கேக்குது?" என்றாள். வீடு முழுக்க உப்பில்லை. ரசம் சுடவைத்த புளித் தண்ணீர். முட்டையில் முட்டையின் வாடை மட்டும். பருப்பு மண் மாதிரி. உப்பில்லாத சோற்றை மெல்ல மெல்ல அது வாயிலேயே நிற்கும், இறங்காது. தம்பிக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். தட்டைத் தள்ளிவிட்டு, "ம்மா, சோறு செத்துப்போச்சு" என்றான். அப்பா சத்தமாகச் சிரித்தார். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

உப்பை எடுத்துவிட்டதால் உடம்புக்குத் தெம்பு வேண்டுமே என்று அம்மா சத்தைக் கூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போவோம். முருங்கைக் கீரை, பசலைக் கீரை, தக்காளி, வாழைத்தண்டு. கீரைக்காரரிடம் பேரம் பேசும்போது அம்மா, "கிட்னிக்குங்க, நல்ல கட்டா குடுங்க" என்பாள். அவரும் கூட ஒரு கைப்பிடி போடுவார். மார்க்கெட்டுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டே இளநீர் குடிப்பார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "டேங்க் ஃபுல்" என்று வயிற்றைத் தட்டுவார். பக்கத்துக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் இரும்புச் சட்டியில் புரளும். அந்தப் புகை அவர் சட்டையைத் தாண்டித்தான் எங்களிடம் வரும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கு அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு பெருமை இருந்தது.

கீரையை அம்மா நிறையத் தண்ணீர் விட்டு வேகவைப்பாள். வடித்த பச்சைத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, ஆவி பறக்க, அப்பா முன்னால் வைப்பாள். "சத்தெல்லாம் தண்ணியிலதான் எறங்கும். கீழ ஊத்துறவ முட்டாள்" என்பாள்.

நல்ல கிட்னி உள்ளவர்கள் அதைக் குடிக்கலாம். இளநீரும் குடிக்கலாம், வாழைப்பழமும் தின்னலாம். பொட்டாசியம் வேண்டிய சத்துதான். மிஞ்சியதைக் கிட்னி சிறுநீரில் அனுப்பிவிடும். கிட்னி செத்தவனுக்கு அது வெளியே போகாது. ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். கைகால் சோர்ந்து போகும், ஒருநாள் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். என்னைப் போன்றவர்களுக்குக் கீரையை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டச் சொல்கிறார்கள். அம்மா அதையேதான் செய்தாள். கொட்ட வேண்டியதைக் குடிக்கக் கொடுத்தாள்.

ஒரு விஷயத்தில் அவள் செய்தது சரி. உப்பைக் குறைத்ததும் அப்பாவின் கால் வீக்கம் வடிந்தது. ஒருநாள் ஷூ சுலபமாக நுழைந்தது. அப்பா காரிடாரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அணிவகுப்பு நடந்து காட்டினார். எதிர் பிளாக்கிலிருந்துகூடப் பெண்கள் வந்து அம்மாவிடம் யோசனை கேட்டார்கள். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. அந்தக் கால் வடியாமலே இருந்திருந்தால் அப்பா பயந்துபோய் மெஷினுக்குப் போயிருப்பார். பாதி சரியாக இருந்ததுதான் எங்களைக் கெடுத்தது.

நானும் தம்பியும் பள்ளி விட்டு வந்ததும் மக்சிக் வீட்டுக்குப் போய்விடுவோம். "மாரி, மாரி, மக்கான்" என்று சாப்பிடக் கூப்பிடுவார். நெத்திலியும் கடலையும் பொரித்து மிளகாயில் புரட்டி வைத்திருப்பார். "காராம் போதுமா?" என்று மலாய் கலந்து கேட்பார். மலாயில் காராம் என்றால் உப்பு. எங்களுக்கு அது காரம் என்று காதில் விழும். "போதும், போதும், எரியுது" என்போம். அவர் இன்னும் கொஞ்சம் உப்பைத் தூவுவார். விரலை நக்கிவிட்டு, வாயைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவோம்.

ஒருநாள் மாலை அப்பா வேலை முடிந்து வரும்போது எங்களைப் பார்த்துவிட்டார். மக்சிக் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும். திட்டுவார் என்று நினைத்தோம். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தார். மக்சிக் அவருக்கும் ஒரு தட்டை நீட்டினார். அப்பா ஒரு நெத்திலியை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் மோந்து பார்த்தார். பிறகு அதைத் தம்பியின் தட்டில் போட்டார்.

"வாசனையில உப்பு இல்லல்ல?" என்றார் என்னிடம்.

"இல்லப்பா."

"அப்ப அம்மாகிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல" என்று எழுந்தார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். கால் தனக்குச் சொந்தமில்லாதது போல் ஒரு நிமிஷம் நின்றார்.

அதற்குப் பிறகு சோர்வு கூடியது. "வெரலு மரத்துப் போவுது புள்ள" என்று அம்மாவிடம் சொன்னார். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு இறங்க முடியாமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். உப்பில்லாமல் உடம்பு தளர்ந்துவிட்டது என்று அம்மா நினைத்தாள். இளநீர் ஞாயிற்றுக்கிழமை என்றிருந்தது போய், தினமும் வந்தது. கீரைத் தண்ணீர் இரண்டு வேளையானது. சோர்வு கூடக் கூட டம்ளரும் பெரிதானது.

மறுபடி ரத்தம் பார்த்தார்கள். டாக்டர் இந்தத் தடவை உரக்கப் பேசினாராம். பெரியப்பா வீட்டுக்கு வந்து சொன்னார்.

"உப்பு இன்னும் ஏறியிருக்காம். ஒடனே ஆஸ்பத்திரியில படுக்கணும்கிறாரு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "வெளிய தின்னீங்களா?"

"சத்தியமா இல்ல புள்ள."

"பின்ன எப்படி ஏறும்?"

அப்பா மரத்த விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "தீபாவளி முடியட்டும். முடிஞ்சதும் போய்ப் படுத்துக்கறேன்" என்றார். பெரியப்பா டீயைக் குடித்துவிட்டு, "சரி லா, அதுக்குள்ள உப்பு எறங்கினாலும் எறங்கும்" என்று சொல்லிப் போனார்.

தேக்காவில் விளக்கு போட்டிருந்தார்கள். பார்க்கக் கூட்டிப்போகச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அம்மா உப்பில்லாமல் முறுக்கு சுட்டாள். பள்ளி விட்டு வந்தபோது வீடு முழுக்க எண்ணெய் வாசனை. அப்பா விடுப்பில் இருந்தார். சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து, கையில் இளநீர் டம்ளரோடு, ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்து, "வெறகு இத விட ருசி" என்றார். அம்மா கரண்டியைக் காட்டி மிரட்டினாள். பிறகு அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"கால் வரல" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்தார். போடவில்லை, பத்திரமாக வைத்தார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். அம்மா எண்ணெய் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஓடி வந்தாள். மக்சிக்கின் மகன் ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். எங்கள் பிளாக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. நான்காம் மாடியில் நிற்காது. படிக்கட்டுத் திருப்பங்களில் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துச் சாய்த்து இறக்கினார்கள். அப்பாவின் ஒரு கை வெளியே தொங்கிக் கம்பியில் தட்டிக்கொண்டே போனது. நான் அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்தேன். அது மறுபடி விழுந்தது.

மருத்துவமனையில் வேறு ஒரு டாக்டர் வெளியே வந்து பெரியப்பாவிடம் பேசினார். பொட்டாசியம் என்ற சொல் மறுபடி என் காதில் விழுந்தது. பெரியப்பா தலையாட்டினார். அம்மாவிடம் வந்தார்.

"உப்புதாம்மா கொன்னுடுச்சு."

அம்மா அழவில்லை. கணக்குத் தப்பான பிள்ளை போல அவரையே பார்த்தாள்.

"ஒரு கல்லு கூடப் போடலியே மாமா."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொன்னாள்.

காரியம் நடந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மக்சிக் ஒரு பெரிய பாத்திரம் நிறைய மீ கோரெங் கொண்டு வந்தார், கறி மீன் எதுவும் சேர்க்காமல். தம்பி அள்ளி அள்ளித் தின்றான். நானும் தின்றேன். தின்னும்போதே தம்பி, "நெத்திலி இல்லயா மக்சிக்? அப்பாவுக்குக் குடுத்தீங்கள்ல, அது" என்றான்.

அம்மா எழுந்து வந்தாள். அவள் மூளை இத்தனை நேரமும் தேடிக்கொண்டிருந்தது அவளுக்குக் கிடைத்துவிட்டது. "காராம்! நீ காராம் குடுத்தே!" என்று மலாயும் தமிழுமாகக் கத்தினாள். "நான் வீட்ல கல்லு உப்பு இல்லாம வச்சிருந்தேன், நீ மறைச்சு மறைச்சுக் குடுத்துக் கொன்னுட்டே!" மக்சிக் கையை விரித்தார். இல்லை, இல்லை என்றார். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

"அப்பா திங்கல. மோந்துதான் பாத்தாரு" என்றேன்.

"வாய மூடு" என்றாள் அம்மா. மீ கோரெங் பாத்திரத்தை எடுத்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், மக்சிக் காலடியில் வைத்தாள். மக்சிக் குனிந்து அதை எடுத்துக்கொண்டு போனார். தட்டில் இருந்ததை நான் தின்று முடித்தேன். நன்றாக இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பிறகு திறந்தே இருந்த அந்தக் கதவு மூடிக்கொண்டது. நோன்புப் பெருநாளுக்கு மக்சிக் எங்கள் கம்பிக் கதவில் பலகாரப் பையை மாட்டிவிட்டுப் போவார். அம்மா அதை அப்படியே குப்பைத் துவாரத்தில் போடுவாள். சில வருஷம் மாட்டினார். பிறகு மாட்டவில்லை. நாங்கள் பாசிர் ரிஸ்ஸுக்கு வீடு மாறியபோது அம்மா அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்குக் கிட்னி கெட ஆரம்பித்தபோதுதான் சத்துணவு நிபுணர் என்னை உட்கார வைத்து எல்லாம் சொன்னார். இளநீர் கூடாது என்றார், பொட்டாசியம் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் சொல்வதாக இல்லை. அவள் என்னோடுதான் இருக்கிறாள், எழுபதைத் தாண்டிவிட்டாள். ஆனால் போன மாதம் நான் கீரை வெந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டியதைப் பார்த்துவிட்டாள். "சத்த கீழ ஊத்துறியே, அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினாள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. மூன்று உப்பையும் தனித்தனியாகச் சொன்னேன். இளநீரைச் சொன்னேன். பச்சைத் தண்ணீரைச் சொன்னேன். டாக்டர் அன்றைக்கே சொன்னதையும், பெரியப்பா எங்கே தப்பவிட்டார் என்பதையும் சொன்னேன். ஏன் சொன்னாய் என்று தம்பி பிறகு போனில் சண்டை போட்டான். போடட்டும்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை ஈரமாகவே இல்லை. தன்னைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப அந்த மக்சிக் ஒண்ணும் குடுக்கலியா?"

"இல்லம்மா. அன்னிக்கே சொன்னேன்."

"மோந்துதான் பாத்தாரா?"

"ஆமா."

அம்மா எழுந்து உள்ளே போனாள். இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டாள். காலையில் நான் எழுந்து வந்தபோது குளித்து, வெளியே போகிற சேலை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தோ பாயோவுக்குக் கெளம்பு" என்றாள்.

"அந்த பிளாக்க இடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சும்மா. அவங்க இப்ப இருந்தாங்கன்னா தொண்ணூறு வயசு இருக்கும்."

"யாராச்சும் இருப்பாங்க. மகன் இருப்பான்ல. கேட்டுப் பாப்போம்."

"கேட்டு என்னம்மா சொல்வே?"

"அதுக்குத்தான் ஒன்னக் கூப்பிடறேன். எனக்கு மலாய் மறந்துபோச்சு. நான் சொல்றத நீ சரியாச் சொல்லணும்" என்றாள்.